மாண்டரின் படிக்கத் தொடங்குபவருக்கு: முதல் வருடம் எப்படிப் போக வேண்டும்

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான், செய்யாறு சிப்காட்டில் காலணி செய்யும் ஃபெங் டே, கிருஷ்ணகிரியில் மின் கருவிகள் தயாரிக்கும் டெல்டா ஆகிய மூன்றும் தைவான் நிறுவனங்கள். திருப்பூர்க்காரருக்குப் பொத்தானும் ஜிப்பும், ரிச்சி தெருக் கடைக்காரருக்கு சர்க்யூட் போர்டும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகின்றன. இன்னொரு பக்கம், எம்.பி.பி.எஸ். படிக்கச் சீனாவுக்குப் போகும் பிள்ளைகள். அவர்களுக்கு வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் வார்டில் படுத்திருக்கும் நோயாளி சீனத்தில்தான் வலியைச் சொல்வார். சீனாவிலும் தைவானிலும் பொதுமொழி மாண்டரின். எனவே ‘சைனீஸ் படிச்சா பிரயோஜனம் இருக்கா?’ என்று யாராவது கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வேன். எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் முதல் மூன்று மாதத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள்.

பள்ளியே சொல்லிக்கொடுத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தேசியக் கல்விக் கொள்கையின் 2019 வரைவில் சீன மொழியின் பெயர் இருந்தது. 2020ல் வந்த இறுதி வடிவத்தில் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யன் எல்லாம் இருக்க, சீனத்தைக் காணோம். டெல்லி ஜே.என்.யு.விலும், 1937ல் சீன பவனம் என்ற சீனமொழித் துறை தொடங்கிய சாந்திநிகேதனிலும் சீனத்தில் முழுப் பட்டப்படிப்பே உண்டு. சென்னை, கோவை, ஓசூரில் இருப்பவர்களுக்குத் தனியார் வகுப்பும் இணைய வகுப்பும் சொந்த முயற்சியும்தான் வழி. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்தப் பக்கம்?

நீங்கள் படிக்கப்போகும் பேச்சு மொழி ஒன்றுதான், மாண்டரின். எழுத்து இரண்டு வகை. சீனாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சுருக்கிய எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய முழு எழுத்து. 1956ல் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் சீனா கோடுகளைக் குறைத்தது. குதிரையைக் குறிக்கும் எழுத்து முழு வடிவில் பத்துக் கோடு, சுருக்கிய வடிவில் மூன்றே கோடு.

தேர்வும் இரண்டு. சீனாவின் தேர்வு எச்.எஸ்.கே., தைவானின் தேர்வு டி.ஓ.சி.எஃப்.எல். பின்னதைச் சுருக்கிய எழுத்திலும் எழுதலாம், முழு எழுத்திலும் எழுதலாம்.

எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லையா? சுருக்கிய எழுத்தில் தொடங்குங்கள். பாடப்புத்தகம், காணொளி, செயலி எல்லாம் அதில்தான் அதிகம் கிடைக்கும். தைவான் கம்பெனியில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர், அல்லது தைவானுக்குப் படிக்கப் போகிறவர் மட்டும் முதல் நாளிலிருந்தே முழு எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று நன்றாகத் தெரிந்தபின் மற்றதை வாசிக்கப் பழகுவது புதிதாக ஒரு மொழி படிப்பதைப் போன்ற வேலை அல்ல. ‘தென்சீனாவின் குவாங்சௌ நகரில் அந்த ஊர்ப் பேச்சான கான்டனீஸ்தானே பேசுவார்கள்?’ என்று சிலர் தயங்குவார்கள். வீட்டில் பேசுவார்கள். சந்தையிலும் தொழிற்சாலையிலும் உங்களோடு மாண்டரினில் பேசுவார்கள். கவலை வேண்டாம்.

முதல் ஆறு வாரம் காதுக்கும் நாக்குக்கும்

இதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம். எழுத்து, இலக்கணம், தேர்வு எதையும் முதல் ஆறு வாரத்தில் பெரிதாகத் தொடாதீர்கள். உச்சரிப்பைத் திருத்துவது தொடக்கத்தில் மலிவு, இரண்டு வருடம் கழித்து மிகவும் செலவு.

மாண்டரினின் ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். 1958ல் சீன அரசு ஏற்றுக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் முதல் கைபேசித் தட்டச்சு வரை எல்லாம் இதில்தான். இதை ஆங்கிலம்போல் வாசித்தால் போச்சு. தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தாலும் போச்சு. (இந்தக் கட்டுரையில் சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் போட்டிருக்கிறேன். அது அடையாளத்துக்கு மட்டும், உச்சரிப்புக்கு அல்ல.)

ஏன் என்று பாருங்கள். ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஏறக்குறைய ‘தூட்சு பாவ் ல’. ‘முயல் ஓடிவிட்டது’ என்பதை எழுதினால் அதுவும் ‘தூட்சு பாவ் ல’. சீனர் காதில் இரண்டும் முற்றிலும் வேறு வாக்கியங்கள். முயல் வாக்கியத்தில் த-வும் பா-வும் மூச்சுக் காற்றோடு வெடித்து வரும், வயிற்று வாக்கியத்தில் வராது. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லை, நம் காதும் அதைத் தேடிப் பழகவில்லை. வீட்டில் விருந்து வைத்தவரிடம் சாப்பிட்டு முடித்ததும் முயல் ஓடிவிட்டது என்றால் சிரிப்பார்கள், மன்னித்தும் விடுவார்கள். விலை பேசும் இடத்தில் இதே குழப்பம் வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பயிற்சி எளிது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். பஸ்ஸுக்குப் போடும் ‘பி’ பின்யினில் வந்தால் காகிதம் அசையக் கூடாது. பேப்பருக்குப் போடும் ‘பி’ வந்தால் காகிதம் பறக்க வேண்டும். முதல் வகைக்கு ‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் ஒலி வேண்டாம், ‘பல்’ என்று சொல்லும்போது வரும் ஒலிதான் வேண்டும். தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் க, த, ப மூன்றும் பின்யினின் முதல் வகைக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். இது நமக்குக் கிடைத்த சலுகை. ஆங்கிலம் வழியாகப் போனால் அது கைநழுவிவிடும்.

இன்னும் சில சலுகைகள் இருக்கின்றன. பின்யினில் ‘ஆர்’ எழுத்தைப் பார்த்ததும் ர என்று வாசிக்காதீர்கள். அது நம் ழ-வுக்கு மிக நெருக்கம். மனிதர் என்பதற்கான சொல் ‘ரென்’ அல்ல, ‘ழன்’. இரண்டு என்ற எண் கிட்டத்தட்ட ‘ஆழ்’. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறும் ஒலி இது. நீங்கள் ‘வாளப்பளம்’ கோஷ்டி என்றால் மட்டும் முதலில் தமிழைச் சரிசெய்துகொள்ளுங்கள். ‘எஸ்-எச்’ வந்தால் நாக்கை மடித்துச் சொல்லும் ஷ. ‘ஜே’ வந்தால் ‘பச்சை’யின் நடுவில் வரும் ச்ச. ‘க்யூ’ வந்தால் அதே ச்ச-வைக் காகிதம் பறக்கும்படி. ‘எக்ஸ்’ வந்தால் நாக்கு நுனியைக் கீழ்ப் பல்லில் வைத்துக்கொண்டு ‘சி’. ‘என்-ஜி’யில் முடிந்தால் ‘மாங்காய்’ சொல்லப் போய் ங்-ஓடு நிறுத்திவிடுங்கள், கா வரக் கூடாது. நான்கு என்ற எண்ணுக்குப் பின்யினில் ‘எஸ்-ஐ’ என்று இருக்கும். அதைச் ‘சீ’ என்று வாசிக்கக் கூடாது. உதட்டைக் குவிக்காமல் ‘காசு’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே குற்றியலுகரம், அந்தச் ‘சு’வுக்குப் பக்கத்தில் வரும்.

தமிழில் இல்லாத ஒன்று: ‘இ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘உ’ போலக் குவிப்பது. கண்ணாடி முன் நின்று பழக வேண்டியதுதான்.

அடுத்தது சுரம். நான்கு சுரங்கள், கூடவே அழுத்தமில்லாத ஒன்று. முதல் சுரம் உயர்ந்த ஒரே நிலை. தம்பூராவுக்குச் சேர்த்துப் பிடிக்கும் ‘ஸா’வைப் போல அசையாமல் நிற்க வேண்டும். இரண்டாவது, நம்பாமல் ‘ஏன்?’ என்று கேட்கும்போது ஏறுவது. மூன்றாவது கீழே போய்த் தங்குவது. விருப்பமில்லாமல் ‘ம்ம்…’ என்று இழுக்கும் தொனி. பாடப்புத்தகத்தில் இதற்குப் பள்ளம்போல் படம் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தை நம்பி ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறாதீர்கள், பேச்சில் பெரும்பாலும் தாழ்ந்தே நின்றுவிடும். நான்காவது ‘போ!’ என்று அதட்டும்போது வரும் இறக்கம்.

சுரம் தவறினால் என்ன ஆகும்? ‘மாய்’ மூன்றாம் சுரத்தில் வாங்குவது, நான்காம் சுரத்தில் விற்பது. வியாபாரத்துக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. நம்மவர்கள் செய்யும் வழக்கமான தவறு ஒன்று உண்டு. தனிச் சொல்லைச் சரியான சுரத்தில் சொல்வார்கள். கேள்வியாகக் கேட்கும்போது தமிழ்ப் பழக்கத்தில் வாக்கியக் கடைசியை மேலே தூக்கிவிடுவார்கள், விற்பது அங்கே வேறு ஏதோ ஆகிவிடும். அதனால் தனிச் சொல்லாகப் படிக்காமல் இரண்டு சொல் சேர்ந்த ஜோடிகளாகப் பழகுங்கள். மூன்றாம் சுரமே இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் சுரமாக மாறும். எல்லோருக்கும் தெரிந்த ‘நீ ஹாவ்’ வணக்கமே அப்படித்தான்.

தினமும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு சிறு உரையாடலை ஒரு நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேளுங்கள், கூடவே சொல்லுங்கள், கைபேசியில் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் குரலைக் கேட்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள்

கிடைக்கும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் விளக்குவதால், தமிழர் சீன வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றி அங்கிருந்து தமிழுக்கு வருகிறார்கள். பாதி இடங்களில் இது தேவையற்ற சுற்று.

‘நீ வர்றியா?’ என்பது ‘நீ லாய் மா?’. ‘வர்ற’வோடு ‘ஆ’ ஒட்டுவது போல வாக்கியத்தின் கடைசியில் ‘மா’ ஒட்டினால் கேள்வி. வேறு எதுவும் இடம் மாறாது. (ஆம், நம் ‘நீ’யும் அவர்கள் ‘நீ’யும் ஒன்று போலவே இருக்கின்றன. அது தற்செயல். இதை வைத்து வாட்ஸ்அப்பில் வரலாறு எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம்.) மரியாதைக்கு ‘நின்’ என்று தனிச் சொல் உண்டு. வயதானவரிடமும் வாடிக்கையாளரிடமும் அதைப் போடுங்கள்.

‘நான் நேற்று வாங்கிய ஃபோன்’ என்பதைச் சீனத்தில் சொன்னால் நான், நேற்று, வாங்கு, ‘த’, ஃபோன். அதே வரிசை. அந்த ‘த’தான் நம் ‘இய’, ‘ற’ வேலையைச் செய்கிறது. ஆங்கிலக்காரர் இந்த வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும், நமக்குத் தேவையில்லை. காலம் முதலில், இடம் அடுத்து, செயல் அப்புறம் என்பதும் நமக்குப் பழகியதே. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொல் உண்டு. வடசீனப் பேச்சில் நாம், நாங்கள் வேறுபாடுகூட இருக்கிறது.

தமிழிலிருந்து விலகும் முக்கிய இடம், செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வருவது: ‘நான் சாப்பிடு சோறு’. வினைக்கு ஆள், பால், காலம் எதுவும் ஒட்டாது என்பதால் மனப்பாடப் பட்டியல் கிடையாது. எண்ணும்போது மட்டும் ‘மூன்று பேர்’ என்பதில் வரும் ‘பேர்’ போல ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவுச் சொல் தேவை. புத்தகத்துக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று, நீளமானவற்றுக்கு ஒன்று. தெரியாதபோது பொதுவான ‘க’ என்ற சொல்லைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், புரிந்துகொள்வார்கள்.

‘ல’ என்ற இடைச்சொல்லை இறந்தகால விகுதி என்று சொல்லித்தரும் ஆசிரியரிடம் கவனமாக இருங்கள். அது ஒரு நிலை மாறிவிட்டதைக் காட்டுவது. ‘மழை வந்துடுச்சு’ என்று இப்போது பெய்யத் தொடங்கிய மழையைச் சொல்கிறோமே, அந்த ‘டுச்சு’ போல.

எழுத்து: கையால் எவ்வளவு, கைபேசியில் எவ்வளவு

2013ல் சீன அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அதில் முதல் அடுக்கான 3,500தான் அன்றாடத்துக்கு. அடிக்கடி வரும் 1,000 எழுத்துகள் தெரிந்தால் அச்சில் கண்ணில் படுவதில் ஏறத்தாழ 90 சதவீதம் தெரிந்ததாக இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீதிப் பத்தில் ஒன்றில்தான் வாக்கியத்தின் உயிர் ஒளிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தைப் படமாக மனப்பாடம் செய்யாதீர்கள். பெரும்பாலான எழுத்துகள் இரண்டு பகுதி ஒட்டியவை. ஒரு பகுதி பொருளைச் சுட்டும், இன்னொன்று ஒலியைச் சுட்டும். குதிரை ‘மா’. அதன் இடப்பக்கம் பெண்ணைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் அம்மா, அதுவும் ‘மா’. வாயைச் சேர்த்தால் மேலே பார்த்த கேள்வி ‘மா’. குதிரைக்கும் அம்மாவுக்கும் பொருளில் சம்பந்தமில்லை, ஒலிக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கம் மூன்று புள்ளி தெரிந்தால் தண்ணீர் சம்பந்தப்பட்டது: ஆறு, கடல், ஏரி, கழுவுதல், சூப். இந்த உறுப்புகளில் முக்கியமான ஐம்பதைத் தெரிந்துகொண்டால், புதிய எழுத்து வரும்போது தெரிந்த துண்டுகளாகத்தான் தெரியும்.

கோடு போடும் வரிசைக்கு விதி உண்டு: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், சுற்றுச்சுவர் போட்டு உள்ளே நிரப்பிக் கடைசியில் கதவை மூடு. முதல் இருநூறு முந்நூறு எழுத்துகளை கட்டம் போட்ட நோட்டில் கையால் எழுதுங்கள். கை பழகினால்தான் ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளைக் கண் பிரிக்கும். சுருக்கிய எழுத்தில் ‘வாங்கு’ என்பதன் தலையில் ஒரு சிலுவைக்குறி ஏறினால் ‘விற்பது’. ஒலியில் சுரம் மட்டும் வேறு, எழுத்தில் அந்தச் சிலுவை மட்டும் வேறு.

அதற்குப்பின் கையெழுத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பழைய ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வேலையிடத்தில் யாரும் உங்களைக் கையால் எழுதச் சொல்வதில்லை. கைபேசியில் பின்யின் தட்டினால் எழுத்துகள் வரிசையாக வரும், சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும். அகராதிக்கு ப்ளெகோ செயலி இலவசமாகவே போதுமானது. மறதிக்கு மருந்து ஆன்கி என்ற செயலி. நீங்கள் ஒரு சொல்லை மறக்கும் தறுவாயில் அந்தச் சொல் அட்டையை அது திரும்ப நீட்டும். பிறர் செய்து வைத்த ஐயாயிரம் அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளாமல், அன்றன்று படித்த சொல்லை வாக்கியத்தோடு நீங்களே போடுங்கள்.

எண்ணும் தொழிற்சொல்லும்

பாடப்புத்தகம் நூலகம், பூங்கா, பாண்டா என்று போகும். உங்களுக்கு வேண்டியது வேறு. மூன்றாம் மாதத்திலிருந்து உங்கள் துறைச் சொற்களைத் தனி நோட்டில் சேருங்கள். அச்சு வார்ப்பு, மாதிரி, விலைப்புள்ளி, குறைந்தபட்ச ஆர்டர் அளவு, டெலிவரி தேதி, பழுதான சரக்கு ஆகிய ஆறும் எந்தத் தொழிற்சாலைக்கும் பொது. மருத்துவ மாணவர் என்றால் எங்கே வலி, எப்போதிலிருந்து, மூச்சு இழுங்கள், ஒவ்வாமை உண்டா என்ற அளவில் தொடங்குங்கள்.

எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. சீனர் பத்தாயிரத்தை ‘வான்’ என்று தனி அலகாக வைத்து எண்ணுவார்கள். ஒரு லட்சம் என்பது பத்து வான், ஒரு கோடி ஆயிரம் வான், பத்துக் கோடி ஒரு ‘யி’. ஆங்கில மில்லியன் வழியாகப் போனால் பேச்சின் நடுவே சுழியம் ஒன்று விடுபடும். லட்சத்திலிருந்து நேராக வானுக்குப் போங்கள். நம் கணக்கு அதற்கு நெருக்கம். நான்கும் பத்தும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும் என்பதால் விலையை வாயால் கேட்டு முடிவு செய்யாமல் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சந்தையில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரே கையால் பத்துவரை காட்டும் விரல் சைகையும் உண்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு.

ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது

மாதிரி வகுப்பு ஒன்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் உங்கள் சுரத்தை எத்தனை தடவை நிறுத்தித் திருத்துகிறார் என்று மட்டும் கவனியுங்கள். ஒருமுறைகூடத் திருத்தாமல் ‘சூப்பர், சூப்பர்’ என்று சொல்பவர் நல்லவராக இருக்கலாம், உங்களுக்கு உதவ மாட்டார். போர்டில் தமிழிலோ ஆங்கில உச்சரிப்பிலோ சீனச் சொல்லை எழுதிப் போடும் வகுப்பு, முப்பது நாளில் சரளம் என்று விளம்பரம் செய்யும் வகுப்பு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மாண்டரின் கற்பிக்க ஒதுக்கும் வகுப்பு நேரம் 2,200 மணி. ஸ்பானியத்துக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் இலக்கு உயரம், அவர்களுக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் இந்த எண் முப்பது நாள் விளம்பரத்துக்குப் போதுமான பதில்.

என்னைக் கேட்டால் இருவர் வேண்டும். இலக்கணத்தைத் தமிழில் விளக்க இங்குள்ள ஒருவர், வாயைத் திருத்தத் தாய்மொழிக்காரர் ஒருவர். இரண்டாமவர் இணையத்தில் கிடைப்பார், வாரம் ஒரு மணி போதும். சீனாவும் தைவானும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. நம் இரவு எட்டு மணி அங்கே பத்தரை, ஆசிரியரே கொட்டாவி விடுவார். காலை ஏழு மணி வகுப்பு இரு பக்கமும் வசதி.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில், சீனர்கள் செய்தி அனுப்பவும் பேசவும் பயன்படுத்தும் வீசாட்டும் ஒன்று. சீன ஆசிரியரோ நண்பரோ முதலில் அதைத்தான் கேட்பார். வகுப்புக்கும் பேச்சுக்கும் வேறு வழியை முன்கூட்டியே பேசிவையுங்கள். தைவான்காரர்கள் பயன்படுத்துவது ‘லைன்’ என்ற செயலி.

தேர்வும் உதவித்தொகையும்

எச்.எஸ்.கே. பல ஆண்டுகளாக ஆறு நிலைகளாக நடந்து வந்தது. முதல் நிலைக்கு 150 சொல், மூன்றாவதுக்கு 600, நான்காவதுக்கு 1,200, ஆறாவதுக்கு 5,000. 2021ல் ஒன்பது நிலைப் புதிய தரவரிசை வந்தது. சொல் எண்ணிக்கையும் கூடியது. ஆகவே புத்தகம் வாங்குமுன், நீங்கள் எழுதப்போகும் தேதியில் எந்தப் பாடத்திட்டம் என்று அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகத்தை வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் நிறைய.

பழைய முறையில் முதல் இரண்டு நிலைகளில் எழுத்துக்கு மேலேயே பின்யின் அச்சிட்டிருக்கும். அதனால் அவற்றைத் தாண்டியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் கட்டி எழுதுவதென்றால் மூன்றாம் நிலையிலிருந்து எழுதுங்கள். தினம் ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் அது கைக்கெட்டும் தூரம். வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மதிப்புள்ளது நான்காம் நிலை. ஆங்கிலவழி எம்.பி.பி.எஸ். மாணவர்களிடமும் மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் பல சீனப் பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்கின்றன. சேர்க்கைக்குக் காட்டும்போது மதிப்பெண் சான்று இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும், ரொம்ப முன்னதாக எழுதி வைக்காதீர்கள். பேச்சுத் தேர்வு தனி. நேர்காணலில் அதற்குத்தான் மரியாதை அதிகம்.

உதவித்தொகை என்று வந்தால் என் முதல் பரிந்துரை தைவானின் ஹுவாயு உதவித்தொகை. பட்டப்படிப்பு இல்லை, மொழி மட்டும் படிக்க. கோடைக்கால இரண்டு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை எடுக்கலாம், மாதாமாதம் பணம் தருவார்கள். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி வகுப்பு கட்டாயம். தென்னிந்தியர் விண்ணப்பிப்பது சென்னையில் 2012லிருந்து இயங்கும் தைபே பொருளாதார பண்பாட்டு மையம் வழியாக. வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பம். தைபேயில் தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகம் 1956ல் தொடங்கிய மாண்டரின் பயிற்சி மையம் இதில் பெயர்பெற்றது. சீன அரசின் உதவித்தொகையிலும் மொழிப் படிப்புக்கு இடம் உண்டு. பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு மொழி கற்பிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்டது.

பிள்ளைக்கா, உங்களுக்கா?

பெற்றோர் கேட்கும் கேள்விக்குச் சுருக்கமாக: பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பேச்சும் பாட்டும் போதும், தேர்வு வேண்டாம். மலேசியாவில் தேசிய வகைச் சீனப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே பிள்ளை பன்னிரண்டு வயதுக்குள் சீனத்தில் கட்டுரை எழுதிவிடும். ஆனால் அது ஆறு வருடம் முழுநேரப் பள்ளி, வீட்டுப்பாடத்தில் உதவ முடியாத பெற்றோர், அதற்கு டியூஷன் செலவு எல்லாம் சேர்ந்த விளைவு. சனிக்கிழமை ஒரு மணி நேர வகுப்பிலிருந்து அதை எதிர்பார்த்தால் பிள்ளைக்கு மொழி மீதே வெறுப்பு வந்துவிடும்.

வேலை

மாண்டரின் மட்டும் தெரிந்த பட்டதாரியின் சந்தை சுருங்கிக்கொண்டிருக்கிறது. கடிதம், கையேடு போன்றவற்றைக் கருவிகளே மொழிபெயர்த்துவிடுகின்றன. சுருங்காத இடம் வேறு. தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுவிட்டது, தைவானிலிருந்து வந்த பொறியாளர் வேகமாக ஏதோ சொல்கிறார், ஷிஃப்ட் சூப்பர்வைசர் தமிழில் பதில் சொல்கிறார். நடுவில் நிற்பவருக்கு மொழியும் தெரிய வேண்டும், அந்த இயந்திரமும் தெரிய வேண்டும். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்து எச்.எஸ்.கே. மூன்று முடித்தவர், இயந்திரம் தெரியாமல் ஆறு முடித்தவரைவிட அங்கே அதிகம் தேவைப்படுவார். கொள்முதல், தரக் கட்டுப்பாடு, கப்பல் ஆவணம், கணக்கு என எந்தத் தொழிலானாலும் இதே கதைதான். கையில் இருக்கும் தொழிலை விட்டுவிட்டு மொழிக்கு வராதீர்கள், தொழிலோடு மொழியைச் சேருங்கள்.

பயோடேட்டாவில் ‘சீனம் தெரியும்’ என்று எழுதாமல் நிலை, மதிப்பெண், தேர்வெழுதிய மாதம் மூன்றையும் எழுதுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களைப் பற்றியும் இதுவரை செய்த வேலையைப் பற்றியும் சீனத்தில் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடப் பதிலை ஆறாம் மாதத்திலேயே எழுதி, தாய்மொழி ஆசிரியரிடம் ஒவ்வொரு சுரமாகத் திருத்தி வாங்கி, பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகத் தெரிந்த சொற்களைச் சேர்த்து அதையே மறுபடி பதிவு செய்யுங்கள்.